அலைகள் அடங்கிய காலையில் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்ட குடும்பத்தில். அப்பா சீக்கிரமே போய்விட, படித்துக்கொண்டே நிலத்தையும் பார்த்து என்னைக் கரையேற்றினார். அரசு வேலை கிடைத்ததும் வேங்கிக்காலில் வீடு கட்டினார். பிள்ளைகள் இல்லை. அண்ணி இறந்த பிறகு ஹாம் ரேடியோதான் துணை. முறைப்படி உரிமம் வாங்கி, மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு நீளமாக ஏரியல் கம்பி கட்டியிருந்தார். துணி காயப்போட வசதி என்று நான் சீண்டினால் முறைப்பார்.

தினமும் காலையில் வெளியூர் நண்பர்களோடு அதில் பேசுவார். ரத்தக் கொதிப்போடு தனியாக இருந்தவர் என்பதால் ஓர் ஏற்பாடு இருந்தது. அவர் குரல் வராவிட்டால் சேலத்து நண்பர் எனக்குப் போன் செய்வார். போன் வராவிட்டால் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று பொருள்.

சில நாள் எல்லோருடைய செட்டும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். புதியவர்கள் பதறினால் அண்ணன் அதட்டுவார். "சூரியன்ல வெடிப்பு வந்தா மேல வானத்துல இருக்கிற அயனி மண்டலத்தோட அடித்தட்டு நம்ம அலையை முழுங்கிடும்பா. அலைவரிசை கம்மியா இருந்தா முழுங்குறது ஜாஸ்தி. செட்டைப் பிரிச்சி நோண்டாதீங்க. சும்மா இருங்க, தானா வரும்."

போன ஆண்டு அப்படியொரு காலையில்தான் அண்ணன் விழுந்தார். சேலத்து நண்பருக்கு அன்று யார் குரலுமே கேட்கவில்லை. சூரிய வெடிப்பு என்று தெரிந்ததும் செட்டை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குப் போன் வரவில்லை. அண்ணன் நலம் என்று நானும் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் கீரைக் குழம்போடு போய்க் கதவைத் திறந்தேன். அலை திரும்பியிருந்தது. "அண்ணன் இன்னும் வரலியேப்பா" என்று செட்டில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மேசையடியில் கிடந்தார், மூச்சு மட்டும் இருந்தது. "காலைலயே கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்மா" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். மறுநாள் அண்ணன் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த சேலத்து நண்பர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "அவரு சொன்ன மாதிரிதானே சும்மா இருந்தீங்க, விடுங்க" என்றேன். வாய் சொன்னது. மனம் இன்னும் சொல்லவில்லை.

அன்று அண்ணனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ரேடியோ நண்பர்களுக்கும் நன்றி. இப்போதெல்லாம் அலை அடங்கினால் ஒருவருக்கொருவர் உடனே போன் செய்துகொள்கிறார்களாம். எனக்கும் போன் வருகிறது. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.