ஏலக்காரர் பலவேசத்தின் தொண்டை

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் பலவேசம் ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், பாதி தூரம் கேட்கும். இருபத்தெட்டு வருடமாக அந்தத் தொண்டைதான் அவருக்குச் சோறு போட்டது.

நாலு வருடத்தில் மூன்று முறை அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. மண்டியில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு தண்டை நீட்டினார்கள். அவரும் குடம் குடமாகச் சாறு குடித்தார். கல் கரைந்ததோ இல்லையோ, எலும்பெல்லாம் வலிக்க ஆரம்பித்தது. உடம்பில் தெம்பில்லை என்று மனைவி பவுனு சுண்ணாம்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரத்தத்தில் அதுதான் ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறது என்பது தேனி டாக்டர் பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பவுனு சாப்பிடவே இல்லை.

மதுரையில் அறுவை மருத்துவர் ஜெபஷீலா பொறுமையாக விளக்கினார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பிகள். எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்தை இரத்தத்துக்கு இழுப்பது அவை சுரக்கும் ஹார்மோன்தான். இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து போதுமென்றால் அவை அடங்க வேண்டும். இவருக்கு அடங்கவில்லை, ஹார்மோன் எகிறிக் கிடந்தது. பலவேசத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மூணுதரம் சொல்லி முடித்த பிறகும் விலை கேட்டுக்கொண்டே இருக்கிற ஆளை அவர் பார்க்காததா?

அந்த ஆள் யார் என்று தேடினார்கள். அல்ட்ராசவுண்டும், ஊசி மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனும் இடப்பக்கச் சுரப்பி ஒன்றையே காட்டின. அதை எடுத்த பத்தாவது நிமிடம் இரத்தம் பார்ப்போம், ஹார்மோன் பாதிக்குக் கீழே இறங்காவிட்டால் வலப்பக்கமும் திறந்து தேட வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் குரல் நரம்பு ஒட்டியே ஓடுகிறதாம்.

"ஒரு பக்கத்தோட நிறுத்திக்கிருங்க டாக்டரம்மா. எந் தொழிலே தொண்டைதான்."

இப்போது விட்டுவிட்டுப் பிறகொரு நாள் தழும்புக்குள் தேடினால் குரலுக்கு ஆபத்து இன்னும் கூடும் என்றார் டாக்டர். பலவேசம் பவுனுவைப் பார்த்தார்.

"கல்லு வலியில நீங்க சுருண்டு கெடந்தத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. நீங்க பேசாட்டி நான் பேசிக்கிறேன்" என்றார் பவுனு. பலவேசம் கையெழுத்துப் போட்டார்.

அறுவையன்று இடப்பக்கச் சுரப்பி வந்துவிட்டது. முந்நூற்று இருபதில் இருந்த ஹார்மோன் இருநூற்று நாற்பதுக்குத்தான் இறங்கியது. வலப்பக்கமும் திறந்தார்கள். இரண்டு படங்களுக்கும் தப்பிய இன்னொரு வீங்கிய சுரப்பி அங்கே பதுங்கியிருந்தது. அதையும் எடுத்த பின் முப்பத்தெட்டு. வாழ்நாளெல்லாம் விலையை ஏற்றிவிட்ட மனிதருக்கு, இறங்கியது நல்ல சேதியாக வந்தது அன்றைக்குத்தான்.

எலும்பு வலி மெல்ல விட்டது. நரம்புக்குச் சேதமில்லை, கரகரப்பு நாளாவட்டத்தில் சரியாகும் என்றார் டாக்டர். ஆறு வாரம் ஆகியும் குரல் பாதிதான் திரும்பியிருந்தது. வீட்டில் இருக்கப் பொறுக்காமல் பலவேசம் மண்டிக்குப் போனார். துணைக்குப் பவுனுவும் போனார்.

தார்களுக்கு நடுவே நின்று வாயைத் திறந்தார். காற்றுதான் அதிகம் வந்தது. அவமானத்தில் முகம் சுருங்கிப்போயிற்று.

சுமை தூக்கும் தங்கபாண்டி தோளில் இருந்த தாரை அப்படியே இறக்கி வைத்தார். "ஏலே, சும்மா இருங்கடா. அண்ணே கூறுறாக."

பேச்சு நின்றது. லாரிக்காரர் எஞ்சினை அணைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த மண்டி அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருதரம்" என்றார், பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில். வாசலோரம் நின்ற பவுனுவுக்கும் அது கேட்டது.