அறைக்கு ஓர் ஆள்

மாடத்தியக்காவை முதலில் பார்த்த அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதிர்வீச்சு அறையின் வாசலில் செருப்பைக் கழற்றினாள். கொண்டை ஊசியை எடுத்தாள், வளையலைக் கழற்றினாள். அதெல்லாம் சரி. அப்புறம் கதவின் இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் காத்திருந்தது.

"என்னக்கா, சாமியா கும்பிடுறீக?" என்றேன்.

"உடம்புல உள்ள கரண்டு இறங்கணும்ல தாயி," என்றாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

பட்டாசுக் கம்பெனி அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டுமாம். உடம்பின் மின்சாரம் அதில் இறங்காவிட்டால் ஒரு பொறி போதும். பல வருஷப் பழக்கம், மருத்துவமனைக்கு வந்தாலும் விடவில்லை.

நான் யோகலட்சுமி. காரியாபட்டியில் பஸ் ஏறி தினமும் இந்த மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வேலைக்கு வருகிறவள். கதிர்வீச்சு மிஷினை இயக்குவது என் வேலை. படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில்தான் விடிந்தது. பேய், பிசாசு என்று எவளாவது ஆரம்பித்தால் என் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடத்தியக்கா ஏழாயிரம்பண்ணைக்காரி. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குப் போனவர்கள். இவள் காலத்தில் காட்டு வேலை போய், காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேன்தான் பிழைப்பானது. தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. முழங்கை வரை வெள்ளிப் பொடி அப்பியிருக்குமாம். "இருட்டுல வீட்டுக்குப் போனா கை மொதல்ல தெரியும், ஆளு பொறவுதான் தெரியும்," என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஊரில் அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கையல்ல, தொண்டை. வேன் டிரைவர் ஹாரனே அடிக்க வேண்டாம். மாடத்தி ஒரு குரல் கொடுத்தால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தூக்குச்சட்டியோடு ஓடிவருவார்கள். மாரியம்மன் பொங்கலில் அவள் குலவை போட்டால்தான் முளைப்பாரி நகரும்.

அந்தத் தொண்டைதான் கம்மிப்போனது. பனங்கற்கண்டும் மிளகுமாக மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு எங்கள் டாக்டர் கற்பகவல்லியிடம் வந்தாள். குரல்வளையில் புற்று. நல்லவேளை, ஆரம்ப நிலை.

"கதிர் வச்சே சரி பண்ணிரலாம், கொரலும் திரும்ப வரும்," என்றார் டாக்டர். "ஆனா இடையில விட்டுறக் கூடாது. விட்டா, அப்புறம் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம்."

பட்டாசுத் தொழிலாளர்களைப் பற்றி டாக்டர் ஓர் ஆய்வும் நடத்திக்கொண்டிருந்தார். என்னென்ன மருந்தைத் தொட்டாய், முகத்தில் துணி கட்டினாயா என்று மாடத்தியக்காவையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"அப்போ பட்டாசு மருந்தாலதான் வந்துச்சா டாக்டரம்மா?"

"தெரியல மாடத்தி. தெரியாததனாலதான் கேக்கேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள் என்று டாக்டரே என்னிடம் சொன்னார்.

தொண்டைக்குக் கதிர் வைக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காக வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி, அந்த முகத்தின் அச்சிலேயே ஒரு முகமூடி செய்வோம். அதைப் போட்டுக் கட்டிலோடு பூட்டிவிடுவோம். சிகிச்சை முடியும் வரை அந்த முகங்கள் எங்கள் அலமாரியில் வரிசையாக இருக்கும். சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பயமெல்லாம் இல்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆளைப் பூட்டியதும் நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். கடைசியாக வருகிறவர் அறையைச் சுற்றிப் பார்த்து, நோயாளியைத் தவிர யாருமில்லை என்று தெரிந்த பிறகு சுவரில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதன்பின்தான் கனத்த கதவு மூடும். உள்ளே, கதவை ஒட்டிய நடையில் ஒரு சென்சார் உண்டு. யாராவது அதைக் கடந்தால் கதவுக்கு மேலே இருக்கும் பச்சை விளக்கு சிவப்பாகும், மிஷின் தானே நின்றுவிடும்.

முதல் நாளே மிஷின் நின்றது. கேமராவில் பார்த்தேன். மாடத்தியக்கா பூட்டியபடியே கிடந்தாள். தொந்தரவு என்றால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தோம். தூக்கியிருந்தாள், இரண்டு விரலை மட்டும் நீட்டி.

உள்ளே ஓடி முகமூடியைக் கழற்றினேன்.

"இந்த ரூமுக்கு எம்புட்டு ஆளு தாயி?" என்று கேட்டாள்.

"ஒரு ஆளுதான்."

"ரெண்டு பேரு இருக்கோமே."

என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த பிரீத்தி என் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்கும் சேர்த்து ஒரு டோஸ் விட்டேன். இன்ஜினியர் வந்து சென்சாரைச் சோதித்தார். ஒரு பழுதும் இல்லை. அடுத்த நோயாளிக்கு மிஷின் ஒழுங்காக ஓடியது. மறுநாள் மாடத்தியக்காவைப் படுக்கவைத்ததும் மறுபடி நின்றது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். "மேடம், கந்தக வாசம் வருது," என்றாள் பிரீத்தி. சும்மா இரு என்றேன். எனக்கும் வந்தது.

விட்டுவிட்டு, பாதி பாதியாகத்தான் கதிர் ஏறியது. டாக்டர் முகம் சுருங்கியது. அதற்குள் மாடத்தியக்கா வருவதையே நிறுத்திவிட்டாள். போன் போட்டால் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். காய்ந்த காடு, நடுநடுவே தனித்தனியாகப் பட்டாசு அறைகள். ஒவ்வொரு சுவரிலும் அந்த அறைக்குள் எத்தனை ஆள் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அக்கா வீட்டில்தான் இருந்தாள். திட்டலாம் என்று போன நான் அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க ரூமுக்கு ஆளு நாலு," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "சீசன்ல ஆர்டர் நெருக்கும். அஞ்சாவதா முத்துச்செல்விய உக்கார வைப்பாக. இன்ஸ்பெக்டரு வந்தா அவ வேலிப் பக்கம் ஒதுங்கி நிப்பா. கணக்குல இல்லாத ஆளு."

ஒருநாள் அந்த அறையில் தீப்பொறி விழுந்தது. பக்கத்துக் கதவு வழியாக மாடத்தியக்கா ஓடினாள். வெளியே ஃபோர்மேன் தலையை எண்ணினார். நாலு. எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்த முத்துச்செல்வியைத் தேடி யாரும் திரும்பிப் போகவில்லை.

"கூப்பிடணும்னு வாயத் தெறந்தேன் தாயி. அம்புட்டுப் பெரிய தொண்ட, அன்னைக்கு அடைச்சுப்போச்சு. நீங்களும் யாருமில்லன்னு பொத்தான அமுக்குறீக. அவ அங்கன மூலையில நிக்கா. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான வருவா? எனக்குக் கொரலு இல்ல. மறுபடி அவள உள்ள வச்சுப் பூட்டிட்டு எனக்கு என்ன வைத்தியம்?"

"நீங்க வாங்கக்கா. நான் கூப்பிடுறேன்," என்று சொல்லிவிட்டேன். இதைச் சொல்வது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தாள். முகமூடியைப் பூட்டினேன். மாணவர்கள் வெளியேறினார்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று காலி அறையைப் பார்த்து, "முத்துச்செல்வி, வெளிய வாங்க," என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. கழுத்தோரம் ஏதோ கடந்ததுபோல் மயிர் சிலிர்த்தது. பொத்தானை அழுத்தி, கதவை மூடினேன். மிஷின் முழுசாக ஓடி முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டேன். ஒருநாளும் நிற்கவில்லை. டாக்டருக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை. நாங்கள் உட்கார்ந்து மிஷினை இயக்கும் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். கடைசி நாள் மாடத்தியக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"உங்க சத்தத்துக்கு ஒதுங்கி நிக்கா, அம்புட்டுத்தான்," என்றாள். "இன்ஸ்பெக்டருக்கு ஒதுங்குவால்ல, அப்படி. அவரு போனதும் மறுபடி உள்ள வந்துருவா. வீட்டுக்குப் போகல."

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தாள். டாக்டர் தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்து, புற்று தெரியவில்லை என்றார். அன்று மதியம், நோயாளிகள் இல்லாத நேரத்தில் எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். பிரீத்தியும் மற்ற மாணவர்களும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

மாடத்தியக்கா ஒருமுறை எச்சில் விழுங்கினாள்.

"ஏ முத்துச்செல்வி! வேன் வந்துருச்சு, வாடி!"

கரகரத்த குரல். ஆனால் முழுக்குரல். அலமாரியில் இருந்த முகமூடிகள் மெல்ல அதிர்ந்தன. எனக்கு அழுகை வந்தது.

கதவுக்கு மேலே பச்சை விளக்கு சிவப்பானது. பிறகு மறுபடி பச்சையானது.

மாடத்தியக்கா வாசலை விட்டு ஓரடி நகர்ந்து வழிவிட்டாள். யாரும் சொல்லாமலே நாங்களும் சுவரோடு ஒதுங்கி நின்றோம்.