போடி அணிக்காக வளர்த்த முடி

சாமி காரியத்தைப் பந்தாட்டத்தோடு சேர்த்து எழுதலாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். முருகன் பொறுத்துக்கொள்வான்.

மலைக்குப் போகும் பஸ் பழுதாகிவிட்டதால் போடி மைதானத்தில் கால்பந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளூர் அணி ஏற்கனவே மூன்று கோல் வாங்கியிருக்கிறது. பக்கத்தில் இடுப்பு வரை முடி வளர்த்த ஒரு வாலிபர். சாமியார் என்று நினைத்துக் கும்பிடுகிறேன்.

"கும்பிடாதீக அண்ணே, நான் ஏலக்கா மூடை தைக்கிறவன். நம்ம டீம் ஒரு ஆட்டம் ஜெயிச்சா மொட்டை போடுறேன், அதுவரைக்கும் கத்திரி படாதுன்னு முருகனுக்கு நேந்துக்கிட்டேன். இந்தத் தலையப் பாத்துட்டு எவனும் பொண்ணு குடுக்க மாட்டேங்குறான்."

"நடுவுல ஆடுற மூணு பேரும் பந்து வந்தா ஒதுங்கிக்கிறாகளே தம்பி?"

"மூணும் டீம் மேனேஜரோட மருமகன்க. பந்தைத் தாம்பாளத்துல வச்சுக் கொண்டாந்தா வாங்கிக்குவாக."

"மேனேஜர் கண்டிக்க மாட்டாரா?"

"பொண்ணு குடுத்த எடத்துல வாயத் தொறப்பாராண்ணே?"

நாலாவது கோலும் விழுகிறது. வாலிபர் முடியை அள்ளிக் கொண்டை போடுகிறார்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்கு உள்ளபடியே சொல்லுங்கள். அவர் மேல் இரக்கப்பட்டுப் போடிக்கு ஒரு கோலைக்கூடச் சேர்த்துவிட வேண்டாம்.