ரங்கூனில் பிறந்த மகள்

திருத்தணியில் தபிதாளை எல்லோரும் ரங்கூன்காரி என்றார்கள். ரங்கூனில் இருந்த பதினாறு வருஷமும் அவள் திருத்தணிக்காரிதான்.

அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டிய ஜெபரத்தினத்தைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவள் அவள். அங்கே பர்மியப் பேச்சைச் சந்தையில் கற்றாள், தமிழ்ச் சபையில் பாடினாள், ஒரே மகள் பிரேமகுமாரியைப் பெற்றாள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மூவரும் ஜனத்தோடு ஜனமாகக் காட்டுவழியே நடந்தார்கள். பாதி வழியில் காலரா ஜெபரத்தினத்தைக் கொண்டுபோயிற்று. குழி தோண்ட யாரும் நிற்கவில்லை. தழையை ஒடித்து அவர் முகத்தை மூடிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அண்ணன் ஞானப்பிரகாசம் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தார். திருத்தணியில் தம் வீட்டிலேயே இருவருக்கும் இடம் கொடுத்தார்.

பிரேமகுமாரிக்குத் தமிழ் தெரியும். பயந்துவிட்டால் மட்டும் பர்மியம்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரங்கூன் பெண்களைப் போலச் சந்தனத்தை இழைத்து இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பினாள்.

“இன்னாடி இது, மலைக்குப் போய்ட்டு வந்தவளாட்டம்? சபையில நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்றார் மாமன்.

தபிதாள் முந்தானையை நனைத்து மகள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அங்க எல்லாரும் பூசுவாங்களே, அமே.” அம்மாவை அவள் பர்மிய வழக்கில் அப்படித்தான் கூப்பிடுவாள். சொன்னவள் அழவில்லை. துடைத்தவள்தான் அழுதாள்.

சண்டை ஓய்ந்து கப்பல் விட்டபின், ரங்கூன் வேலைக்குத் திரும்பவிருந்த தேவசகாயம் பெண் கேட்டு வந்தான். ஞானப்பிரகாசம் யோசித்தார். பிரேமகுமாரி யோசிக்கவே இல்லை.

“நீயும் வா, அமே.”

“உங்க நைனா இல்லாத தெருவுல நான் எப்டி நடமாடுவேன் கண்ணு? நீ போ. நீ பொறந்த இடம் அது.”

மதராஸ் துறைமுகத்தில் கப்பல் நகர்ந்தபோது மகள் முகம் மலர்ந்திருந்தது. திருத்தணியில் ஒருநாளும் தபிதாள் அதை அப்படிப் பார்த்ததில்லை.

நாற்பத்தொன்பதில் பேத்தி பிறந்த செய்தி வந்தது. பர்மாவில் அப்போது உள்நாட்டுச் சண்டை. சபையில் குழந்தைக்காக ஜெபிக்கச் சொன்னாள்.

“பேரு இன்னாம்மா?” என்றார் போதகர்.

“கின் மே.”

“சின்னம்மாவா?”

அந்தப் பர்மியப் பெயரை அவள் மெல்லத் திருத்திச் சொன்னாள். போதகர் இரண்டு தரம் முயன்று பார்த்தார், நாக்கு புரளவில்லை. “தபிதாளம்மா பேத்திக்காக” என்று ஜெபத்தைத் தொடங்கினார். பின்வரிசையில் அவள் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.