ஒரு சுவருக்கு இரண்டு ரவுட்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் என் புடவைக்கடைக்கும் பக்கத்துச் செருப்புக்கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். செருப்புக்கடை முதலாளியை, இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நான் 'நானா' என்று கூப்பிடுவேன். என் வைஃபை மெதுவானபோதெல்லாம் அவருடைய ரவுட்டர்தான் காரணம் என்று நினைத்து, அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பிறகு அவரும் இன்னும் பெரியதாக வாங்கினார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். கார்ட் மெஷின் வேலை செய்யவில்லை. சண்டை பிடிக்கத்தான் பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கேயும் வரிசை அசையாமல் நின்றது, என்னுடையதைவிட நீளமாக.

"உங்கட மெஷினும் வேலை செய்யுதில்லையா நானா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. இது ஒங்கட தீபாவளி சீசன் தானே. நான் என்டத நிப்பாட்டுறன், நீங்க பில்லப் போடுங்க," என்று தன் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றினார்.

என் மெஷின் ஓடத் தொடங்கியது.

இரண்டும் ஒரே சேனலில் மோதியிருக்கின்றன என்று பிறகு வந்த டெக்னீஷியன் சொன்னார். வேறு வேறு சேனலுக்கு மாற்றி, பவரையும் குறைத்துவிட்டுப் போனார். இப்போது இருவருக்கும் தடையில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் நானாவின் கடை நிரம்பி வழிந்தது. இனித் தேவையில்லை என்று தெரிந்தும், என் கை என் ரவுட்டரின் பிளக் பக்கமே போய்க்கொண்டிருந்தது.