புதுச் சப்பாத்தும் வெள்ளை ஈயும்

வெள்ளை ஈக்களை வகை பிரிப்பதுதான் எனக்கு வேலை. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். மரபணுவைப் பார்த்தால்தான் இது வேறு, அது வேறு என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் ஏமாற்றினேன்.

இணுவிலில் தவமணியக்காவின் தோட்டத்து மிளகாயெல்லாம் இலை சுருண்டு கிடந்தது. பக்கத்தில் தான் நட்டிருந்த மரவள்ளியிலிருந்துதான் ஈ வருகிறதா என்று அவர் கேட்டார். இரண்டு பயிரிலும் ஈ பிடித்துத் தனித்தனிக் குப்பியில் போட வேண்டும். மரவள்ளிக்கு அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். நானோ காலில் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தேன். ஆகவே மரவள்ளி என்று எழுதிய குப்பியையும் மிளகாய் ஈக்களாலேயே நிரப்பினேன்.

இரண்டும் ஒரே வகை என்று முடிவு வந்தது. வராமல் என்ன செய்யும்? தொலைபேசியில் அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு மரவள்ளியைப் பிடுங்கிறன் தம்பி. கிழங்கு இன்னும் முத்தேல்லை. என்ன செய்யிறது."

விடிந்ததும் ஓடினேன். முதல் மரவள்ளியைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"வடிவான சப்பாத்துத்தான். கழட்டி வரம்பிலை வைச்சிட்டு இறங்கும். நீர் ஈ பிடிச்சு முடியுமட்டும் நான் இதிலை நிக்கிறன்."

சேற்றில் நின்று பிடித்தேன். இம்முறை இரண்டும் வேறு வேறு வகை என்று வந்தது. மரவள்ளி தப்பியது. கிழங்கு முத்தியதும் எனக்கும் ஒரு பை வந்தது.

இப்போதெல்லாம் ஈ பிடித்த பிறகுதான் குப்பியில் பெயர் எழுதுகிறேன். தோட்டத்துக்குச் செருப்போடுதான் போகிறேன். ஈக்களை வகை பிரிக்க எனக்கு ஓர் ஆய்வுகூடமே வேண்டியிருக்கிறது. என்னை வகை பிரிக்க அக்காவுக்குச் சப்பாத்தே போதுமாக இருந்தது.