சோளகத்தில் பார்த்த கரை

எத்தாளைக் கரையில் ஹோட்டல் கட்ட இடம் பார்க்க வந்த வெளிநாட்டு நிறுவனத்தாரை அவர்களுடைய தூதரக அதிகாரி அழைத்து வந்தார். ஊர் விபரங்களைக் கொப்பியில் திகதியிட்டு எழுதிவைக்கும் பள்ளி ஆசிரியரான நான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன். ஆடி மாதம்; தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் கடலும் வானமும் ஒரே வெண்மையாகக் கலந்திருந்தன.

"இந்தக் கரையில் யாரும் மீன்பிடித் தொழில் செய்வதில்லை," என்றேன், கொப்பியைப் பார்த்தபடி. சாட்சிக்கு அருகில் நின்ற மீனவர் சலீம் நானாவையும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "சோளகத்துல யாரு மாஸ்டர் கடலுக்கு போற? காத்து திரும்பினா நாப்பது குடும்பம் இங்கதான் மீன்வாடி போட்டு தொழில் செய்யும். ஆடியில மட்டுமா கொப்பிய தூக்கிட்டு வாரீங்க?"

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வெண்மைக்குள் வாடிக் குடிசைகள் ஒவ்வொன்றாக எழுவதுபோல இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

அதிகாரி நிறுவனத்தாரிடம் திரும்பினார். "இந்த மீனவர்களோடு பேசாமல் கையெழுத்து வேண்டாம். இப்படி ஏதாவது இருந்தால் சொல்லத்தான் நான் வந்தேன்."

நாற்பது குடும்பங்களை எவ்வளவு நிதானமான குரலில் இல்லையென்று சொன்னேன்! அந்தக் குரலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.